சொல்லும்போதே அர்த்தம் வாய்க்குள்ள நடக்குற மாதிரி இருக்குற சொற்கள் – உங்களுக்கு எது?

கெடிலக்கரை | கடலூர் | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இழை தொடங்குறது இதான் மொத தடவ.

இன்னைக்கு காலைல திருப்பாதிரிப்புலியூர்ல எங்க பெரிம்மா வீட்டுக்கு போயிருந்தோம். அவங்க வீட்டு கூடத்துல பழைய பலகை ஊஞ்சல் ஒண்ணு இருக்கு, பித்தளை சங்கிலி, ஒரு பக்கத்து கொக்கி தேஞ்சு போயி பின்னால வர்றப்ப மட்டும் க்ரீச்னு ஒரு சத்தம் வரும். என் பொண்ணுக்கு ஆறு வயசு. அதுல ஏறி உக்காந்துகிட்டு நான் ஆட்ட ஆட்ட அவ பாட்டுக்கு "ஊஊஊ... ஞ்சல், ஊஊஊ... ஞ்சல்"னு சொல்லிட்டே இருந்தா. முன்னாடி போறப்ப ஊஊஊ, உச்சியில ஒரு நொடி நிக்கும் பாருங்க அங்க ஞ், திரும்பி எறங்குறப்ப சல். ஊஞ்சலோட கொஞ்சம்கூட பிசகாம. அப்பறம் திடீர்னு "அப்பா, இந்த வார்த்தையே ஆடுதுப்பா"ன்னா. நான் ஆட்டுறத விட்டுட்டு அப்பிடியே நின்னுட்டேன். முப்பத்தெட்டு வயசாவுது எனக்கு, இந்த வார்த்தை ஆடுறத நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

அதுலேர்ந்து மண்டைக்குள்ள இதான் ஓடுது. மழலை, அருவி, நிலவு, தென்றல், இதெல்லாம் அர்த்தம் எவ்ளோ அழகோ காதுக்கும் அவ்ளோ அழகா இருக்கு. எனக்கு என்னா தோணுதுன்னா, வல்லினம் கம்மியா இருந்து மெல்லினமும் இடையினமும் நெறைய வந்தா சொல்லு அழகாயிடுது, நம்ம முன்னோருங்க அழகான பொருளுக்கெல்லாம் பாத்து பாத்து அந்த எழுத்துங்களா வச்சிருக்காங்க. சரியா தப்பான்னு சொல்லுங்க. உங்களுக்கு அந்த மாதிரி சொல் எதுன்னும் சொல்லுங்க, பட்டியல் மட்டும் போட்டுட்டு போயிடாம ஏன்னும் எழுதுங்க.

முத்தியால்பேட்டை மதி | புதுச்சேரி | ஞாயிறு, இரவு 9:31

எனக்கு "அவிழ்". எங்கம்மா பூ கட்டி விக்கிறவங்க. மல்லி மொட்ட ஈரத்துணில சுத்தி வச்சிருப்பாங்க, சாயங்காலம் வெளிச்சம் போற நேரத்துக்கு துணிய விலக்குனா மேல இருக்கறது ஒண்ணு ரெண்டு அப்பதான் வாய் தெறந்திருக்கும், இன்னும் பூவாவும் ஆவல மொட்டாவும் இல்ல. அத சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன் ஆனா அதுக்கு ஒரு வார்த்தை இருக்குன்னு ஒம்போதாவது படிக்கும்போதுதான் செய்யுள் பகுதில பாத்தேன். அ-ன்னு வாய் லேசா தெறக்குது, வி-ல உதடு பல்லுல பட்டும் படாம ஒரசுது, ழ்-ல நாக்கு சுருண்டு மேல போயி எதையும் தொடாம நின்னுடுது. அந்த மொட்டு செய்யறதுதான் இது.

நெகிழ், மகிழ், முகிழ், கமழ், தவழ் எல்லாத்தையும் சொல்லிப் பாருங்க. ழ் வந்தாலே ஏதோ ஒண்ணு இளகி விட்டுக்குடுக்குது.

பண்ருட்டிப்பலா | பண்ருட்டி | ஞாயிறு, இரவு 10:04

கெடிலக்கரை சார், ஊஞ்சல் விஷயம் படிச்சு ரொம்ப சந்தோஷம், ஆனா அந்த மெல்லினக் கணக்கு நிக்காது. நீங்க சொன்ன தென்றல்லயே த, ற ரெண்டும் வல்லினம். நோய், வலி, அழிவு – ஒரு வல்லினம் கூட கிடையாது. மலர், மலம், கடைசி ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நிலவுன்னு சொல்லி கண்ண மூடுறீங்க, இழவுன்னு சொல்லிப் பாருங்க, ரெண்டும் கூடப்பொறந்தது மாதிரி ஒலிக்குது. மதி, உங்க அவிழ் பக்கத்துலயே கவிழ், இகழ், பாழ் எல்லாம் உக்காந்திருக்கு.

அந்தப் பக்கம் பாருங்க. பட்டு, முத்தம், தாலாட்டு, கற்கண்டு, தித்திப்பு. வல்லினமா கொட்டிக் கெடக்கு, எது அசிங்கம்?

என் கட்சி என்னன்னா, அர்த்தம் பிடிச்சதால ஒலி பிடிக்குது. அவ்ளோதான். 2011 டிசம்பர் 30 அதிகாலைல தானே புயல் வந்துச்சே, எங்க தோப்புல பலாவும் முந்திரியும் சேத்து சாஞ்சுது, தாத்தா வச்ச மரமெல்லாம். அந்தப் பேர குடுத்தது மியான்மர் நாடு, அவங்க மொழில அது வேற என்னமோ. ஆனா அதுக்கப்பறம் ரொம்ப நாளைக்கு யாராவது பேச்சுவாக்குல "அப்பிடித்தானே?"ன்னு கேட்டாக்கூட எங்கப்பா மொகம் ஒரு மாதிரி ஆயிடும். தா, னே. இந்த ஒலில என்னா குத்தம் இருக்கு? ஒண்ணும் இல்ல. மரத்த பறிகுடுத்தவரு காதுல விழுந்துச்சு, அதான்.

கெடிலக்கரை | கடலூர் | ஞாயிறு, இரவு 10:20

இழவு–நிலவு படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. சரிதான் நீங்க சொல்றது. ஆனா அப்பிடின்னா அந்த ஊஞ்சல் என்னா? அவளுக்கு ஊஞ்சல் பிடிக்குங்கறதால மட்டும் அது ஆடல, நெஜமாவே ஆடுச்சு, நான் பக்கத்துலயே நின்னேன்.

சொல்தா பேத்தி | புதுச்சேரி | திங்கள், காலை 7:15

எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு, எங்க தெருவுல எங்க வீட்டுக்கு பேரே சொல்தா வீடுதான். எங்க ஆயாவுக்கு ஒரு எழுத்து பிரெஞ்சு தெரியாது. வீட்டுல அடுப்பங்கரைய குசினின்னுதான் சொல்லுவோம். அந்த குசினிலேர்ந்து யாராவது கொதிக்கிற பாத்திரத்த தூக்கிட்டு வந்தா தாத்தா நாற்காலில இருந்தே "தூஸ்மான்... தூஸ்மான்"னு சொல்லுவாரு. மெதுவா, பதமான்னு அர்த்தம். அடுத்த நொடி ஆயா "மெல்ல... மெல்ல"ம்பாங்க. கதவ சாத்துனாலும் அதான், கொழந்தைய தொட்டில்ல போட்டாலும் அதான். நான் ரொம்ப வயசு வரைக்கும் "தூஸ்மான் மெல்ல" ஒரே வார்த்தைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

இப்ப யோசிச்சா ரெண்டையும் அவசரமா சொல்லவே முடியல. அதட்டி சொல்லவும் முடியல, ட்ரை பண்ணிப் பாருங்க. மெல்ல-ல ல்ல எடத்துல நாக்கு மேல ஒட்டிகிட்டு எறங்கவே மாட்டேங்குது, தூஸ்மான்ல ஸ் காத்து மாதிரி போயி மூக்குல முடிஞ்சிடுது. ரெண்டு மொழிக்கும் எந்த ஒறவும் கிடையாது. பண்ருட்டி அண்ணா சொல்ற மாதிரி இது என் தாத்தா ஆயா பாசமாவும் இருக்கலாம். ஆனா பிரெஞ்சுல கிசுகிசுக்கிறதுக்கு "ஷூஷொத்தே"ன்னு சொல்லுவாங்க, நம்ம குசுகுசு. அங்கயும் ஷ, இங்கயும் ச. யாரும் யாருகிட்டயும் கத்துக்கல, கிசுகிசுக்கும்போது அந்த சத்தம்தான வெளிய வருது.

நாக்குநுனி | புதுச்சேரி | திங்கள், மதியம் 1:40

நான் பேச்சுப் பயிற்சி குடுக்கிற வேலைல இருக்கேன். கொழந்தைங்களுக்கு எழுத்து வரவைக்கிறது, பக்கவாதம் வந்தவங்களுக்கு பேச்சு, முழுங்குறது ரெண்டுக்கும் பயிற்சி. இந்த இழைய மதிய சாப்பாட்டு நேரத்துல படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல.

எழுத்து எந்த இனம்னு பாக்கறத விட்டுட்டு வாய் என்னா வேலை செய்யுதுன்னு பாருங்க. "விழுங்கு" எடுத்துக்கோங்க. வி – உதட்டுல. ழு – நாக்கு நடு மேலண்ணத்துகிட்ட போவுது. ங்கு – தொண்டை வாசல்ல. முன்னாலேர்ந்து பின்னால ஒரே வரிசையா போவுது. பேச்சுல நாம விழுங்குன்னு கூட சொல்ல மாட்டோம், முழுங்குன்னுதான் சொல்லுவோம், எனக்கு அது இன்னும் பொருத்தமா படுது, ஏன்னா ம-வுக்கு உதட்ட மூடியாவணும். நெஜமா ஒரு வாய் தண்ணிய முழுங்குறப்பவும் அதான் நடக்குது, மொதல்ல உதடு மூடும், நாக்கு மேல எழும்பி தண்ணிய பின்னுக்கு தள்ளும், தொண்டைல எறங்கும். பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு கரண்டில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுத்துட்டு இருந்தேன், அவரு சம்சாரம் கட்டில் ஓரத்துல நின்னுகிட்டு ஒவ்வொரு கரண்டிக்கும் "முழுங்கு... முழுங்கு"ன்னு மெதுவா சொல்லிட்டே இருந்தாங்க. அவங்க ம்-முக்கு உதட்ட மூடறத பாத்து அவரும் மூடுனாரு. நான் சொல்லிக் குடுக்க வேண்டியத அந்த வார்த்தையே பாதி சொல்லிக் குடுத்துடுச்சு.

இப்ப "துப்பு". நாக்கு நுனி பல்லுல, அங்கேர்ந்து உதட்டுக்கு, ப்பு-ன்னு வெளிய. முழுங்குக்கு நேர் எதிர்த் திசை. "கக்கு" தொண்டையிலயே நிக்குது. "ஊது"ன்னு சொன்னா உதடு ஊதுற மாதிரி குவிஞ்சுதான் ஆவணும். "முணுமுணு" சொல்ல வாய தெறக்கவே வேண்டாம். பண்ருட்டி சார் குடுத்த "தித்திப்பு" இருக்கே, அது உங்க கட்சிக்கு ஆதாரம் இல்லீங்க சார், நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால ரெண்டு தடவ தட்டி அப்பறம் உதடு மூடிக்குது. கற்கண்டு வாயில போட்ட கொழந்த என்னா செய்யும்? அதான்.

எல்லா சொல்லும் இப்பிடி இருக்காது. ரொம்ப கொஞ்சம்தான் இருக்கும். ஆனா இருக்கறத எல்லாம் பழக்கம்னு தள்ளிவிடவும் முடியாது.

பண்ருட்டிப்பலா | பண்ருட்டி | திங்கள், மதியம் 2:05

முழுங்கு, துப்பு ரெண்டையும் ஆபீஸ்ல உக்காந்து வாய்க்குள்ளயே பத்து தடவ சொல்லிப் பாத்தேன். ஒத்துக்கறேன் அக்கா. நான் எழுத்த பாத்துட்டு இருந்தேன்.

ஆனா ஊது, முழுங்கு, துப்பு எல்லாம் வாயோட வேலை. வாய் செய்யற வேலைக்கு வாய் பேரு வச்சா ஒத்துப்போறதுல ஆச்சரியம் இல்ல. நிலவு? மழை? அதுக்கும் வாய்க்கும் என்னா?

அரியாங்குப்பத்தான் | புதுச்சேரி | திங்கள், மாலை 6:50

அண்ணா அதுக்கு ஒரு சோதனையே இருக்கு, நம்ம ஆளுங்கள வச்சே செஞ்சது. 1929-ல கோலர்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் ரெண்டு படம் வரைஞ்சாரு, ஒண்ணு கூர் கூரா நட்சத்திரம் மாதிரி, இன்னொண்ணு வளைஞ்சு வளைஞ்சு மேகம் மாதிரி. இதுல எது தகேட்டே எது பலூபான்னு கேட்டா பெரும்பாலும் கூரானத தகேட்டேன்னாங்க. 2001-ல நம்ம வி.எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் கிக்கி, பூபான்னு மாத்தி அமெரிக்கால கல்லூரிப் பசங்ககிட்டயும் இந்தியால தமிழ் பேசுறவங்ககிட்டயும் கேட்டாங்க. ரெண்டு பக்கமும் 95 சதவீதத்துக்கு மேல கூரானதுதான் கிக்கி, உருண்டதுதான் பூபா. அப்பறம் 2022-ல வந்த ஒரு ஆய்வுல 25 மொழி, 917 பேரு, எல்லாத்தையும் சேத்து 72 சதவீதம். மொழிக்கு மொழி கூட கொறைய இருந்துச்சு, ஆனா பெரும்பாலான மொழில இருந்துச்சு.

இங்கிலீஷ்ல கே கூரா இருக்கும், பி உருண்டையா இருக்கும், அந்த எழுத்த பாத்துதான் சொல்றாங்கன்னு ஒரு வாதம் வரும். தமிழ்ல எழுதிப் பாருங்க. ப-வ விட நேர்கோடான எழுத்து நம்மகிட்ட எது இருக்கு? பெட்டி மாதிரி. கி-லதான் மேல சுழி. எழுத்துப்படி பாத்தா நமக்கு தலைகீழா வந்திருக்கணும், வரல. காதுதான் முடிவு பண்ணியிருக்கு.

நெல்லிக்குப்பம் வாத்தியார் | நெல்லிக்குப்பம் | திங்கள், இரவு 8:30

பிள்ளைகள் எல்லாரும் எழுதுனத ஒக்காந்து முழுசா படிச்சேன். முப்பத்தோரு வருஷம் தமிழ் எடுத்தவன், இதப் பத்தி பேச ஆள் கிடைக்காம இருந்தேன்.

தொல்காப்பியத்துல உரியியல்ல ஒரு வரி: "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா." ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் வந்துச்சுங்கற காரணம் பளிச்சுன்னு தெரியாதுங்கறாரு. நல்லா கவனிங்க, காரணமே இல்லன்னு சொல்லல. விழிப்பத் தோன்றாது, அவ்ளோதான். பண்ருட்டித் தம்பியும் நாக்குநுனி பாப்பாவும் எதிரெதிரா நிக்கிறதா எனக்குத் தோணல, ரெண்டு பேரும் இந்த ஒரு வரிக்குள்ளதான் இருக்கீங்க.

அதே ஆளு செய்யுளியல்ல வண்ணம் இருபதுன்னு சொல்றப்ப வல்லெழுத்து மிகுந்தா வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தா மெல்லிசை வண்ணம், இடையெழுத்து மிகுந்தா இயைபு வண்ணம்னு பிரிக்கிறாரு. கெடிலக்கரை தம்பி மொதல்ல சொன்னது இதுக்குப் பக்கத்துல வருது. ஆனா அது பாட்டோட ஓட்டத்துக்கு சொன்னது. தனிச் சொல்லுல மெல்லினம் வந்தா அழகு, வல்லினம் வந்தா அழகில்லன்னு அவரு எங்கயும் சொல்லல.

எனக்கு வியப்பு எதுலன்னா இரட்டைக்கிளவிலதான். சலசல, மடமட, கலகல, இதெல்லாம் சத்தத்த அப்பிடியே சொல்றது, எல்லா மொழிலயும் இருக்கும். ஆனா பளபளன்னு சொல்றோமே, வெளிச்சத்துக்கு ஏது சத்தம்? கமகமன்னு வாசனை. வழவழ, கொழகொழன்னு தொட்டா தெரியறது. வெண்டைக்காய் நறுக்கும்போது எந்தச் சத்தமும் வரல, ஆனா அந்தக் கொழகொழப்ப வேற எந்த ஒலியாலயும் சொல்ல முடியாது. மொறுமொறுன்னு வெண்டைக்காய சொல்லிப் பாருங்க, நாக்கே ஏத்துக்காது. கண்ணுக்கும் மூக்குக்கும் தோலுக்கும் தெரியறத காதுக்கு மாத்திக் குடுத்திருக்கான் நம்மாளு. சேந்து வந்தாதான் பொருள், பிரிச்சா சொல்லே கெடயாது, பள-ன்னு தனியா ஒண்ணும் இல்ல, தொல்காப்பியமும் நன்னூலும் ரெண்டுமே அத விதியாவே வச்சிருக்கு.

கொறள் 341-உம் 350-உம் உங்கள்ல நெறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். யாதனின் யாதனின்னு விடச் சொல்ற கொறள்ல உதடு ஒட்டவே ஒட்டாது, பற்றுக-ன்னு பிடிக்கச் சொல்ற கொறள்ல ஒட்டிகிட்டே இருக்கும். வகுப்புல பசங்கள எழுந்து நின்னு சொல்லச் சொல்லுவேன். உதட்டுல வெரல வச்சுகிட்டு சொல்லுங்கடான்னா வகுப்பே அடங்கிடும்.

முத்தியால்பேட்டை மதி | புதுச்சேரி | திங்கள், இரவு 9:10

ஐயா பிசுபிசு விட்டுட்டீங்களே. ராத்திரி பீச் ரோட்ல நடந்துட்டு வீட்டுக்கு வந்து கைய தொட்டுப் பாத்தா இருக்குமே உப்புக்காத்து. அதுக்கு வேற வார்த்தையே தேவையில்ல.

லாஸ்பேட்டை | புதுச்சேரி | திங்கள், இரவு 9:44

எனக்கு ஊர்ப் பேருதான். 2006-ல அதிகாரபூர்வமா புதுச்சேரின்னு ஆச்சு, பஸ்ஸுல பாண்டி பாண்டின்னு கூவுறாங்க, கல்யாணப் பத்திரிகைல புதுவைன்னு போடுறோம். புதுவைன்னு சொல்லும்போது உதடு குவிஞ்சு குவிஞ்சு கடைசில வை-ன்னு விரியுது. வெளியூர்லேர்ந்து வந்து கடல் தெரியற தெருமொனைல நிக்கிற மாதிரி. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு கோயம்பேட்டுல நின்னப்போ எனக்கு உயிர் வந்தது "பாண்டி பாண்டி பாண்டி"ங்கற சத்தத்துலதான், அதுவும் உண்மை.

அரியாங்குப்பத்தான் | புதுச்சேரி | திங்கள், இரவு 10:02

மதி அக்கா, ழ் பத்தி ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். எல்லாரும் ழ-தான் அழகுங்கறோம். எங்க ஆயாவுக்கு ழ வராது. நம்ம பக்கம் பழைய ஆளுங்க நெறைய பேருக்கு அது ய-தான. வாயப்பயம். கெயவி. கொயந்தன்னுதான் என்ன கூப்புடும், இருபது வயசாயும், "கொயந்த சாப்புட்டுச்சா"ன்னு போன்ல எங்கம்மாவ கேக்கும். பள்ளிக்கூடத்துல குழந்தைன்னு சரியா சொல்லக் கத்துகிட்டேன், போட்டில ழகர உச்சரிப்புக்கு பரிசே வாங்கியிருக்கேன். ஆனா குழந்தைன்னு யாராவது சொன்னா அது ஏதோ ஒரு குழந்தை. கொயந்தன்னா நான். இப்ப ஆயா இல்ல. அந்த ய-வ இப்ப எந்த அழகுக் கணக்குல சேக்கறது?

நாக்குநுனி | புதுச்சேரி | திங்கள், இரவு 10:30

தம்பி, கொழந்தைங்களுக்கு கடைசியா வந்து சேர்ற ஒலிகள்ல ழ ஒண்ணு. அதுக்கு முன்னாடி எல்லாப் புள்ளைங்களும் கொஞ்ச நாள் ய-ன்னோ ல-ன்னோதான் சொல்லும். பயம், மய. அப்ப பெரியவங்களும் சேந்து அப்பிடியே சொல்லிக் கொஞ்சுவாங்க. வகுப்புக்கு கூட்டிட்டு வர்ற அம்மாங்ககிட்ட நீங்க சரியா சொல்லுங்கன்னு நான் சொல்லணும், அது என் வேலை. ஆனா சில அம்மாக்கள் பையனுக்கு ழ வந்த அன்னைக்கு சந்தோஷப்பட்டுட்டு வாசல்ல போறப்ப "இனிமே மயன்னு சொல்ல மாட்டான்ல"ன்னு ஒரு மாதிரி கேப்பாங்க. எனக்கு அதுக்கு பதில் தெரியாது.

உங்க ஆயாவோட ய-வ எந்தக் கணக்குலயும் சேக்க வேணாம் தம்பி. அப்பிடியே வச்சுக்கோங்க.

வண்டிப்பாளையம் | கடலூர் | செவ்வாய், காலை 6:20

ஊர்ப் பேருன்னு வந்ததால சொல்றேன். எங்க ஊருக்குப் பக்கத்துல கரையேறவிட்டகுப்பம்னு ஒரு ஊரு. அப்பர கல்லுல கட்டி கடல்ல போட்டாங்க, அந்தக் கல்லே தெப்பமா மெதந்து இங்க வந்து கரை ஏத்துச்சுங்கறது ஐதீகம். அப்ப அவரு பாடுன பதிகத்துக்கு மொதல் வார்த்தையே சொல்-னுதான் ஆரம்பிக்குது, சொற்றுணை. கல்லு தொணையா வந்துச்சா சொல்லு தொணையா வந்துச்சான்னு எங்கம்மா கேப்பாங்க.

அந்தப் பேர நிறுத்தாம சொல்லுங்க. க-ரை-யே-ற-விட்-ட-குப்-பம். மொத பாதி நீந்தி நீந்தி வருது, விட்ட-ல கால் தரைல படுது, குப்பத்துல நின்னுடுது. இது யாரும் உக்காந்து யோசிச்சு வச்ச பேரு இல்ல, நடந்தத அப்பிடியே சொன்னது பேராயிடுச்சு. இப்ப அவசரத்துக்கு கே.வி. குப்பம்னு சுருக்குறவங்கள பாத்தா எனக்கு மனசு கேக்காது. ரெண்டு நொடிதான் மிச்சம் ஆவுது.

தேவனாம்பட்டினம் பையன் | கடலூர் | செவ்வாய், மாலை 5:15

நேத்துலேர்ந்து படிச்சுட்டு இருக்கேன், எழுதலாமா வேணாமான்னு இருந்துச்சு.

மொத போஸ்ட்ல தென்றல் இருக்கு. நல்ல வார்த்தைதான், எங்க ஆளுங்க வாயில அது வராது. எங்களுக்கு காத்துன்னா வாடை, கச்சான், கொண்டல். வாடைன்னு சொன்னா உங்களுக்கெல்லாம் குளிர் மாசம் ஞாபகம் வரும், எங்களுக்கு கடல் எப்ப திரும்பும்னு சொல்ல முடியாத மாசம். கொண்டல் கெழக்கேர்ந்து வர்றது, மழைய கொண்டுட்டு வர்றதால கொண்டல், அந்த ண்ட-ல தண்ணி பாரம் இருக்கற மாதிரியே இருக்கும். கச்சான் மேக்கேர்ந்து, கரைலேர்ந்து கடலுக்கு. க, ச்ச, ரெண்டும் முரட்டு சத்தம். நீங்க போட்ட கணக்குப்படி அசிங்கமான வார்த்தை. ஆனா விடிகால கச்சான் அடிச்சா கரையோரம் அலை அடங்கும், படகு சிரமம் இல்லாம எறங்கும். எங்கப்பா வாசல்ல நின்னு மொகத்த நீட்டிப் பாத்துட்டு "கச்சான்"னு ஒத்த வார்த்தை சொல்லுவாரு, அம்மா சோத்துப் பாத்திரத்த எடுத்துக் குடுப்பாங்க. எனக்கு அதவிட அழகான வார்த்தை கெடயாது. அந்த ச்ச-ல மணல்ல படகு ஒரசுற சத்தம் கேக்கும்.

இன்னொண்ணு. பண்ருட்டி அண்ணன் தானே புயல் பத்தி எழுதுனதால எழுதறேன். சு, னா, மி. எழுதிப் பாருங்க. காதுக்கு எவ்ளோ மெதுவா இருக்கு. கொழந்தைக்கு பேரு வைக்கலாம் போல இருக்கு. ஜப்பான்காரங்க வார்த்தை, ட்சு-ன்னா துறைமுகம், நாமி-ன்னா அலை, அவங்க மொழில அவ்ளோதான் அர்த்தம், துறைமுகத்து அலை. 2004 டிசம்பர் 26 காலைல தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்தப்ப அந்த வார்த்தை எங்கள்ல யாருக்கும் தெரியாது. சாயங்காலம் டிவில சொன்னாங்க. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல. எனக்கு அப்ப பதினோரு வயசு.

எங்கம்மா இன்னி வரைக்கும் அந்த வார்த்தைய வாயால சொன்னதில்ல. "அன்னைக்கி வந்த தண்ணி"ம்பாங்க, இல்லன்னா "அது"ம்பாங்க. ஒரு தடவ ஏன்னு கேட்டேன். "அது செஞ்சதுக்கு அந்தப் பேரு இல்ல"ன்னாங்க.

பண்ருட்டிப்பலா | பண்ருட்டி | செவ்வாய், மாலை 5:58

தம்பி. நான் ஞாயித்துக்கிழம எழுதுனத இப்ப திரும்பிப் படிச்சேன். அர்த்தம்தான் ஒலிய அழகாக்குதுன்னு சொன்னேன். அப்பிடின்னா எங்கம்மா வயசுக்காரங்க எல்லாருக்கும் அந்த வார்த்தை இந்நேரம் பயங்கரமா ஒலிக்க ஆரம்பிச்சிருக்கணும். உங்கம்மாவுக்கு அது இன்னும் மெதுவாதான் ஒலிக்குது, அதனாலதான அவங்களால பொறுக்க முடியல. பொய் மாதிரி இருக்குது அவங்களுக்கு. அப்ப ஒலிக்கு தனியா ஒரு குணம் இருக்கு. அர்த்தம் எவ்ளோ அடிச்சாலும் அது மாறல. நான் சொன்னது தப்பு.

நெல்லிக்குப்பம் வாத்தியார் | நெல்லிக்குப்பம் | செவ்வாய், இரவு 7:40

"அது செஞ்சதுக்கு அந்தப் பேரு இல்ல." எழுதி வச்சுகிட்டேன் தம்பி. அம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க.

கெடிலக்கரை | கடலூர் | செவ்வாய், இரவு 9:05

நானும் அந்த வரிலயே நிக்கிறேன். தேவனாம்பட்டினம் தம்பி, ஒண்ணு கேக்கலாமா, தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா. நாம எல்லாரும் நம்ம வார்த்தைய சொல்லிட்டோம், பொருளுக்கு சரியா பொருந்துன பேரு எதுன்னு உங்கம்மாகிட்ட கேட்டா என்னா சொல்லுவாங்க? அவங்களுக்கு கேக்கத் தெரியுது. சங்கடமா இருந்தா விட்டுடுங்க.

இன்னொரு விஷயம், பொண்ணுகிட்ட கொண்டல் சொல்லிக் குடுத்தேன். கைய குவிச்சு தண்ணி அள்ளுற மாதிரி வச்சுகிட்டு சொல்லிட்டு இருக்கா. யாரும் அப்பிடி செய்யச் சொல்லல.

தேவனாம்பட்டினம் பையன் | கடலூர் | புதன், காலை 8:10

கேட்டேன் அண்ணா. மீன் கூடைய கழுவிட்டு இருந்தாங்க. மொதல்ல இது என்னா கேள்வின்னாங்க. நான் ஊஞ்சல் சொன்னேன், முழுங்கு சொன்னேன், முழுங்க மட்டும் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாங்க, உதட்ட தொட்டுப் பாத்தாங்க. அப்பறம் கூடைய கவுத்து வச்சுட்டு திண்ணைல உக்காந்தாங்க, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. நான் மறந்துட்டாங்கன்னு நெனச்சு போன எடுத்து பாத்துட்டு இருந்தேன்.

"கரை"ன்னாங்க.

ஏம்மான்னு கேட்டேன். "தூரத்துலேர்ந்து சொல்லிப் பாரு"ன்னுட்டு கூடைய எடுத்துட்டு போயிட்டாங்க.